இரண்டு மட்டை, ஒரு பந்து: வான்கூவரில் பிட்ச் அண்ட் பட்

கோல்ஃப் என்றதும் நம்மில் பலருக்கு ஊட்டியோ கொடைக்கானலோதான் நினைவுக்கு வரும். வேலிக்கு அப்பால் பச்சைச் சரிவு, வாசலில் காவலாளி, உறுப்பினருக்கு மட்டும் என்ற பலகை. நாம் வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தோடு வான்கூவருக்கு வருகிறவர்கள் இங்கே பூங்காவுக்குள் நடக்கும்போதும் அப்படியே பார்த்துக்கொண்டே போய்விடுகிறார்கள். போக வேண்டாம், நில்லுங்கள். மரங்களுக்கு நடுவே சின்னச் சின்னக் கொடிகள் நட்டு, ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் ஆளுக்கு ஒரு மட்டையோடு நடந்துபோகும் அந்த இடம் நகரத்தின் சொத்து. சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். உறுப்பினராக வேண்டாம், சிபாரிசு வேண்டாம், சொந்தமாக மட்டைகூட வேண்டாம்.

பிள்ளைகளைப் பார்க்க வந்து சில மாதம் தங்கும் பெற்றோருக்கும், படிக்க வந்த மாணவர்களுக்கும், புதிதாகக் குடியேறியவர்களுக்கும் வான்கூவரில் நான் முதலில் சொல்லும் பொழுதுபோக்கு பிட்ச் அண்ட் பட் எனும் இந்தக் குறு கோல்ஃப்தான். மூன்று தலைமுறையும் சேர்ந்து ஒரே ஆட்டத்தை ஆடலாம். ஒருவருக்காக இன்னொருவர் விட்டுக்கொடுத்து ஆட வேண்டியதில்லை.

பெரிய மைதானத்து கோல்ஃபில் 18 குழிகள். மொத்த நீளம் 6,000 கஜத்தைத் தாண்டும், ஆடி முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பை நிறைய மட்டை வேண்டும். விதிப்படி 14 வரை வைத்துக்கொள்ளலாம். பிட்ச் அண்ட் பட் மைதானத்திலும் 18 குழிகள்தான். ஆனால் பெரும்பாலான குழிகள் நூறு கஜத்துக்குள் முடிந்துவிடும். பந்தை உயரத் தூக்கி அடிக்க ஒரு மட்டை, புல்லில் உருட்ட ஒரு மட்டை. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும்.

இதைக் குழந்தைகள் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் கோல்ஃப் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெரிய மைதானத்தில் தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்திருக்கும் அடிகள் பெரும்பாலும் 72. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள் குழியைச் சுற்றியுள்ள கடைசிப் புல்வெளியில் பந்தை உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டவை. அதாவது ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதோடு குறுந்தூர அடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியில் பந்தை முந்நூறு கஜம் பறக்கவிடும் காட்சியைத்தான் காட்டுவார்கள். ஆனால் பல ஆட்டங்களில் வெற்றி தோல்வி முடிவாவது கொடிக்குப் பக்கத்தில். அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்ட ஆட்டம் இது.

அயர்லாந்தில் இதற்குச் சங்கங்களும் தேசியப் போட்டிகளும் உண்டு. ஸ்பெயினின் கத்தலோனியாவிலும் தீவிரமாக ஆடுகிறார்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி எந்தக் குழியும் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது, 18 குழிகளின் மொத்த நீளம் 1,200 மீட்டரைத் தாண்டக் கூடாது, கையில் மூன்று மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. வான்கூவர் மைதானங்கள் போட்டிக்காக அளந்து கட்டியவை அல்ல, அவை பூங்காக்கள். அதனால் தாராளமாக ஆடலாம்.

எந்த மைதானம்?

நகரப் பூங்கா வாரியத்திடம் மூன்று பிட்ச் அண்ட் பட் மைதானங்கள் இருக்கின்றன: ஸ்டான்லி பார்க், குயின் எலிசபெத் பார்க், ரூபர்ட் பார்க். மூன்றிலும் 18 குழிகள். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் யோசிக்காமல் ஸ்டான்லி பார்க்குக்குப் போங்கள்.

1888-இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி பார்க் சுமார் 400 ஹெக்டேர் பரப்புள்ளது. மூன்று பக்கம் கடல், உள்ளே தேவதாரு வகை மரங்கள் அடர்ந்த காடு. மஸ்க்வீம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாடூத் என்ற மூன்று பூர்வகுடி மக்களின் மண் இது. பிட்ச் அண்ட் பட் மைதானம் பூங்காவின் தெற்கு ஓரத்தில், பீச் அவென்யூவில் டென்னிஸ் களங்களை ஒட்டி இருக்கிறது. மைதானத்தைச் சுற்றி டெட் அண்ட் மேரி கிரெய்க் ரோடோடென்ட்ரான் தோட்டம். வான்கூவர் தீவில் ராய்ஸ்டன் என்ற ஊரில் கிரெய்க் தம்பதியர் தங்கள் நாற்றுப் பண்ணையில் வளர்த்த செடிகள் இங்கே வந்து சேர்ந்தவை. மே மாத முதல் பாதியில் வந்தால் வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு என்று ஆள் உயரத்துக்கு மேல் பூத்து நிற்கும். பந்து தவறிப் புதருக்குள் போனால் தேடவே மனம் வராது. மே மாதத்தில் ஊரில் இருப்பவர்கள் இந்த இரண்டு வாரத்தைத் தவற விடாதீர்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டென்னிஸ் களங்களுக்குப் பக்கத்தில், பூங்கா வாரிய அலுவலகத்தை ஒட்டிய மரங்களில் பெரிய நீல நாரைகள் கூடு கட்டுகின்றன. 2001 முதல் அந்த இடத்தில் அவை ஆண்டுதோறும் வந்து குஞ்சு பொரித்து வருகின்றன. மார்ச் முதல் கோடை வரை மரத்துக்கு மரம் சுள்ளிக் கூடுகளும், சிறகு விரித்தால் ஆள் உயரம் வரும் பறவைகளும் தெரியும். வேடந்தாங்கலில் தூரத்திலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, சாலை ஓரத்திலேயே நாரைக் குடியிருப்பு இருப்பது அதிசயமாக இருக்கும். மரத்தடியில் நடந்து போகும்போது தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். நடைபாதை வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்தாலே காரணம் புரியும்.

குயின் எலிசபெத் பார்க், நகரத்துக்குள் மிக உயரமான இடத்தில் இருக்கிறது. பழைய கருங்கல் குவாரியைத் தோட்டமாக மாற்றியிருக்கிறார்கள். 1939-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னரோடு வந்த அரசியாரின் பெயர்தான் பூங்காவுக்கு. மலைச்சரிவு மைதானம் என்பதால் பந்து நீங்கள் நினைத்த இடத்தில் நிற்காது, உருண்டு கொண்டே போகும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் கஷ்டம். இளைஞர்கள் சேர்ந்து போவதானால் மிக நல்ல இடம். ஆடி முடித்ததும் மேலே ஏறிப் போனால் 1969-இல் திறந்த புளோடல் கண்ணாடிக் கூண்டுத் தோட்டம் இருக்கிறது. வெளியே குளிரில் நடுங்கிவிட்டு உள்ளே நுழைந்தால் நம்மூர் வெப்பம், வாழை, பறந்து திரியும் கிளிகள்.

ரூபர்ட் பார்க், கிழக்கு வான்கூவரில் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அவ்வளவாக எட்டிப் பார்க்காத இடம். அந்தப் பக்கத்தில் தங்கியிருப்பவர்கள் வாரம் ஒரு முறை போய்க் கையைப் பழக்கிக்கொள்ள இதைவிட வசதியான இடம் இல்லை.

போகும் வழி சுலபம். ஸ்டான்லி பார்க்குக்கு நகர மையத்திலிருந்து 6-ஆம் எண் பேருந்தில் டேவி, டென்மன் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் இறங்கி, கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டு பீச் அவென்யூவில் நடந்தால் போதும். குயின் எலிசபெத்துக்கு கனடா லைன் ரயிலில் கிங் எட்வர்ட் நிலையம் வந்து, கேம்பி தெருவில் 15-ஆம் எண் பேருந்தைப் பிடிக்கலாம். ரூபர்ட்டுக்கு மில்லேனியம் லைனில் ரூபர்ட் நிலையத்தில் இறங்கி வடக்கே நடக்க வேண்டும். பேருந்து, ரயிலுக்கான காம்பஸ் அட்டை இல்லாவிட்டாலும் வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்யலாம். காரில் போனால் ஸ்டான்லி பார்க்கில் நிறுத்துவதற்குக் கட்டணம் உண்டு.

எப்போது போகலாம்?

வான்கூவர் மழை ஊர். நவம்பரிலிருந்து மார்ச் வரை தரை ஊறிப்போய்க் கிடக்கும். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்துவிடும். டிசம்பரில் மாலை நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதற்கு நேர்மாறாக ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். வேலைக்குப் போகிற பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, ஆறரை மணிக்குக் கிளம்பிப் போய்கூட முழு ஆட்டமும் ஆடிவிடலாம். அந்த நேரத்து வெயில் சுடாது, பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில் புல்லின் மேடு பள்ளமும் நன்றாகத் தெரியும். என் கணக்கில் கோடை மாலைதான் இந்த ஆட்டத்துக்குச் சரியான நேரம்.

கோடையில் சனி, ஞாயிறு நண்பகலைத் தவிருங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒவ்வொரு குழியிலும் முன்னால் போனவர்கள் முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டியிருக்கும், குழந்தைகளுக்குச் சலித்துவிடும். கட்டணம், திறக்கும் நேரம், முன்பதிவு முறை எல்லாம் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்பும் அன்று பூங்கா வாரிய இணையப் பக்கத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மூத்த குடிமக்களுக்கும் சிறுவர்களுக்கும் சலுகைக் கட்டணம் உண்டு. வயதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கழுத்துப்பட்டி வைத்த சட்டை, ஆணி பதித்த காலணி என்ற கட்டுப்பாடெல்லாம் இங்கே கிடையாது. தட்டையான அடிப்பாகம் உள்ள காலணி போதும். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் கூடாது; கடைசிப் புல்வெளியில் அது குழி குழியாகக் குத்திவிடும். சேலை கட்டிய அம்மாக்களும் தாராளமாக ஆடலாம். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், மட்டையைச் சுழற்றும்போது அது குறுக்கே வந்தால்தான் தொல்லை. வெயில் நாளிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். கடல் காற்று திடீரென்று குளிரும். புகைபிடிப்பவர்களுக்கு: 2010 முதல் வான்கூவர் பூங்காக்கள் எதிலும் புகைக்க அனுமதி இல்லை.

சீட்டுச் சன்னலில்

பணம் கட்டியதும் மட்டை வாடகைக்கு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்பதாம் எண் இரும்பு மட்டை அல்லது வெட்ஜ் எனப்படும் சாய்ந்த முக மட்டை ஒன்று, உருட்டுவதற்குப் பட்டர் ஒன்று. முதல் முறை வருகிறவர்கள் வெட்ஜைவிட ஒன்பதாம் எண்ணை வாங்குவது நல்லது. அதன் முகம் அவ்வளவு சாயாது, அடி சரியாகப் படாவிட்டாலும் பந்து கொஞ்ச தூரமாவது போகும்.

இடது கைக்காரர்கள் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஐஸ் ஹாக்கி மட்டையை இடப்பக்கமாகப் பிடித்து வளர்ந்த கனடியர்களில் கோல்ஃபையும் அப்படியே ஆடுகிறவர்கள் ஏராளம். 2003-இல் மாஸ்டர்ஸ் பட்டம் வென்ற கனடிய வீரர் மைக் வியர் இடக்கை ஆட்டக்காரர். இந்த நாட்டில் இடக்கை மட்டை கேட்பது புதுமையான கோரிக்கை இல்லை.

ஆளுக்கு இரண்டு பந்தாவது வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கட்டாயம் காணாமல் போகும். மதிப்பெண் அட்டையும் குட்டைப் பென்சிலும் அங்கேயே கிடைக்கும். அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் தூரமும், தேர்ந்த ஆட்டக்காரருக்கு வகுத்த அடிகளைக் காட்டும் பார் என்ற எண்ணும் இருக்கும். இங்கே எல்லாக் குழிக்கும் பார் 3தான், ஆக மொத்தம் 54. முதல் நாள் நூறு அடியில் முடித்தால் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போகலாம். அடிக்க வீசிப் பந்தில் படாமல் போனாலும் அது ஒரு அடிதான், கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அதைச் சொன்னால் குழந்தைகள் சண்டைக்கு வருவார்கள். குழிக்கு ஏழு அடிக்கு மேல் எண்ணுவதில்லை, ஏழானதும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடப்பது என்று தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டமும் நகரும், அழுகையும் இருக்காது.

முதல் அடி

கிரிக்கெட் ஆடி வளர்ந்த கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் பந்தைப் பார்த்ததும் முன்காலை நீட்டி அதை நோக்கிப் போவோம். இங்கே பந்து நம்மிடம் வராது, கீழே கிடக்கிறது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பந்து இரண்டு காலுக்கும் நடுவே வருமாறு நின்று, அசையாமல் அடிக்க வேண்டும். ஓங்கி அடிக்கத் தேவையே இல்லை.

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்றுதான்: பந்தை மேலே தூக்க வேண்டும் என்று நினைத்து மட்டையைக் கீழிருந்து மேலே வாரி எடுப்பது. அப்போது மட்டையின் விளிம்பு பந்தின் நடு வயிற்றில் பட்டு, பந்து தரையோடு தரையாகப் பாய்ந்து கொடியைத் தாண்டி ஓடிவிடும். மட்டையின் முகமே சாய்வாகத்தான் செய்திருக்கிறது. தூக்கும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நீங்கள் பந்தையும் அதற்குக் கீழே உள்ள புல்லையும் சேர்த்துக் கீழ்நோக்கி அடித்தால் போதும். பந்து எழும்பும். அது உண்மையென்று கை நம்பும்வரை ஐந்தாறு குழிகள் ஆகலாம், பொறுமையாக இருங்கள்.

தூரத்தை வேகத்தால் கூட்டக் குறைக்க முயலாதீர்கள். மட்டை பின்னால் எவ்வளவு உயரம் போகிறது என்பதால் தீர்மானியுங்கள். கை இடுப்பளவு போனால் ஒரு தூரம், தோள் அளவு போனால் இன்னொரு தூரம். வீசும் வேகம் எப்போதும் ஒரே சீராக இருக்கட்டும். முதல் மூன்று குழிகளில் இதை மட்டும் கவனித்தால் உங்கள் கைக்கு எது ஐம்பது கஜம், எது எண்பது கஜம் என்று பிடிபட்டுவிடும்.

பந்து கொடியிலிருந்து பத்திருபது கஜத்தில், கடைசிப் புல்வெளிக்குச் சற்று வெளியே கிடந்தால் மறுபடி உயரே தூக்கி அடிக்க ஆசை வரும். வேண்டாம். புல் குட்டையாக இருந்தால் அங்கிருந்தே பட்டரால் உருட்டிவிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் புதியவர் கையில் மிக மோசமான உருட்டல்கூட சுமாரான தூக்கலைவிடக் கொடிக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு என் ஒரே கண்டிப்பு, நிற்கும் இடம் பற்றியது. ஒருவர் மட்டையை எடுத்துவிட்டால் மற்ற அனைவரும் அவருக்கு எதிரே, அவர் பார்வையில் படும் இடத்தில், நான்கு மட்டை நீளமாவது தள்ளி நிற்க வேண்டும். பின்னால் யாரும் நிற்கவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டை பின்னோக்கி வரும் என்பது தோன்றாது, ஆவலில் ஓடி வந்துவிடுவார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் எப்போதும் சும்மா இருக்கட்டும். பந்து வேறு ஆட்களை நோக்கிப் போனால் வெட்கப்படாமல் “ஃபோர்!” என்று உரக்கக் கத்துங்கள். உலகம் முழுக்க கோல்ஃப் மைதானங்களில் அதுதான் எச்சரிக்கை. அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்தால் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்க்காதீர்கள். தலையைக் கைகளால் மூடிக் குனிந்துவிடுங்கள்.

கிரீனில்

கொடி நட்ட அந்தக் கடைசிப் புல்வெளிக்குக் கிரீன் என்று பெயர். இங்கே வந்ததும் எல்லாம் மாறிவிடும். புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைத்திருப்பார்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டம் கிட்டத்தட்ட 43. இடம் தாராளமாக இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஆறடி தூரத்தில் கண்ணுக்கே தெரியாத சரிவு ஒன்று பந்தை ஒரு சாண் விலக்கிவிடும். அதனால் நேராகப் போய் நின்று அடித்துவிடாதீர்கள். பந்துக்குப் பின்னால் உட்கார்ந்து, தண்ணீரை ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். அந்தச் சரிவுக்கு எதிர்ப்பக்கமாகக் குறி வைத்து உருட்டுங்கள். இளவேனில் காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தால் பந்து பாதியிலேயே நின்றுவிடும். அன்றைக்குக் கொஞ்சம் அழுத்தம் கூட வேண்டும்.

உங்கள் பந்து மற்றவர் பாதையில் கிடந்தால் அதன் பின்னால் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கனடாவின் பத்து சென்ட் நாணயம் பொருத்தமானது. இப்போது புழங்கும் நாணயங்களில் மிகச் சிறியது அதுதான், ஒரு பக்கம் புளூநோஸ் பாய்மரக் கப்பல் இருக்கும். சட்டைப் பையில் ஒன்று போட்டு வையுங்கள். மற்றவர் பந்து உருளப்போகும் கோட்டில் கால் வைக்காமல் சுற்றிப் போங்கள். அவர் குறி பார்க்கும்போது பேச்சை நிறுத்துங்கள். அலைபேசி மணியும் அப்படித்தான். கொடியைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் உருட்ட வேண்டும் என்ற பழைய விதி 2019-இல் மாறிவிட்டது, இப்போது கொடி இருக்கும்போதே உருட்டலாம்.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். உயரத்திலிருந்து விழும் பந்து கிரீனில் ஒரு சிறு பள்ளம் உண்டாக்கும், ஐந்து சென்ட் நாணய அளவுக்கு. ஒரு பக்கம் புல் கிழிந்து மண் தெரியும். அப்படியே விட்டால் அந்தப் புல் காய்ந்து, இரண்டு மூன்று வாரத்துக்குப் பழுப்புத் தழும்பாகக் கிடக்கும், அந்த வழியே உருளும் எல்லாப் பந்தையும் திருப்பிவிடும். விழுந்த உடனே சரிசெய்தால் ஓரிரு நாளில் ஆறிவிடும். இதற்கென்று இரண்டு பல் உள்ள சிறு முள் கருவி உண்டு. சன்னலில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் முதல் அடிக்குப் பந்தை ஏற்றி வைக்கும் மரத்தாலான டீ ஆணியே போதும். பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே முனையைச் சாய்வாகச் செருகி, சுற்றியுள்ள புல்லை நடுவை நோக்கி மெல்லத் தள்ள வேண்டும். நாலு பக்கமும் அப்படித் தள்ளி, பட்டரின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு தட்டிச் சமமாக்கிவிடுங்கள். பலரும் பள்ளத்தின் அடியில் குத்தி மண்ணை மேலே நெம்புகிறார்கள். அப்படிச் செய்தால் வேர் அறுந்துபோகும், புல் நிச்சயம் சாகும். மேலே நெம்பாதீர்கள், பக்கத்திலிருந்து சேருங்கள். சொந்தப் பள்ளத்தோடு முன்னால் போனவர் விட்டுச்சென்ற ஒன்றையும் சேர்த்து மூடினால் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு நல்ல கிரீன் கிடைக்கும். நகரம் பராமரிக்கும் மைதானம் எல்லாருக்கும் கட்டுப்படியாகும் விலையில் தொடர்வது இந்த மாதிரி கைகளால்தான். ஒரு நாளைக்கு நூறு பேர் மிதிக்கும் இடத்தை ஒன்றிரண்டு பணியாளர்களால் மட்டும் காப்பாற்ற முடியாது.

பின்னால் வருகிறவர்கள்

ஆடத் தெரியாததற்காக இங்கே யாரும் உங்களைக் கோபிக்க மாட்டார்கள். காக்க வைத்தால் கோபிப்பார்கள். நான்கு பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போகாதீர்கள். எட்டுப் பேர் கொண்ட குடும்பம் என்றால் நான்கு நான்காகப் பிரிந்துகொள்ளுங்கள். கொடிக்குத் தூரத்தில் இருப்பவர் முதலில் அடிப்பது மரபு. ஆனாலும் யார் தயாராக இருக்கிறாரோ அவர் அடிக்கலாம் என்பதைத்தான் இன்றைய விதிகளும் ஊக்குவிக்கின்றன. காணாமல் போன பந்தை மூன்று நிமிடத்துக்கு மேல் தேடக் கூடாது. நட்பு ஆட்டத்தில் ஒரு நிமிடமே அதிகம். ஒரு அடி கூட்டிக்கொண்டு இன்னொரு பந்தைப் போட்டு ஆடுங்கள். குழியில் பந்து விழுந்ததும் அங்கேயே நின்று கணக்கு எழுதாமல், அடுத்த குழி தொடங்கும் இடத்துக்குப் போய் எழுதுங்கள். பின்னால் இருவர் வேகமாக வந்துகொண்டிருந்தால் ஒதுங்கி நின்று கையசைத்து முன்னே விடுங்கள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள், அதற்குப் பிறகு நீங்கள் அவசரமில்லாமல் ஆடலாம்.

புகைப்படம் எடுக்கும் ஆசை எல்லாருக்கும் இருக்கும். கிரீனின் நடுவே குடும்பமாக நின்று எடுப்பதைத் தவிர்த்து, தொடக்க இடத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே பின்னணியில் மரங்களும் பூக்களும் நன்றாகவே விழும்.

புல்லில் கனடா வாத்துகள் மேயும். அவை கூட்டமாக இருந்த இடத்தில் பார்த்துக் காலை வையுங்கள். குஞ்சோடு இருக்கும் வாத்து சீறிக்கொண்டு வரும், விலகிப் போய்விடுவதே நல்லது. கயோட்டி எனும் சிறு நரி போன்ற விலங்கும் ஸ்டான்லி பார்க்கில் உண்டு. மனிதர் கொடுத்த தீனிக்குப் பழகியதால் 2020, 2021-இல் அவை ஆட்களைக் கடித்த சம்பவங்கள் நிகழ்ந்து, பூங்காவில் விலங்குகளுக்கு உணவு தருவதற்கு அபராதத்துடன் தடை வந்தது. முறுக்கோ பிஸ்கட்டோ, எந்த உயிருக்கும் போடாதீர்கள். கொண்டுபோன தீனியை மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு

மட்டைகளில் ஒட்டிய மண்ணைப் புல்லில் துடைத்துவிட்டுச் சன்னலில் திருப்பிக் கொடுங்கள். கிரீன் ஓரத்தில் பட்டரையோ வெட்ஜையோ வைத்துவிட்டு மறந்து வருவதுதான் புதியவர்களுக்கு அடிக்கடி நேரும் சங்கடம். ஒவ்வொரு குழி முடிந்ததும் கையில் இரண்டு மட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லி பார்க்கில் பசித்தால் பக்கத்திலேயே மதுக்கூடத்துடன் கூடிய உணவகம் இருக்கிறது. நம் நாக்குக்கு வேண்டியதென்றால் டென்மன் தெருவுக்குத் திரும்பி நடக்கலாம், பல நாட்டுச் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக உண்டு. வீட்டிலிருந்து புளிசாதம் கட்டிக்கொண்டு போனவர்கள் இங்கிலீஷ் பே மணலிலோ, கொஞ்ச தூரம் தள்ளி செகண்ட் பீச்சிலோ உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஆட்டம் பிடித்துப்போய் அடுத்த கட்டத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு நகரத்துக்குச் சொந்தமான மூன்று முழு நீள மைதானங்கள் உண்டு: லங்காரா, ஃபிரேசர்வியூ, மெக்ளீரி. அவையும் பொதுமக்களுக்குத் திறந்தவைதான். நேரே அங்கே போய்ச் சீட்டு வாங்கிவிடாதீர்கள். ஃபிரேசர்வியூவிலும் மெக்ளீரியிலும் தொலைவுக்கு அடித்துப் பழகும் களம் இருக்கிறது. ஒரு கூடைப் பந்து வாங்கி, வாடகை மட்டையில் நீள அடியைப் பழகிப் பாருங்கள். பத்துப் பந்தில் ஆறேழாவது முன்னோக்கிப் பறக்கத் தொடங்கிய பிறகு பெரிய மைதானத்துக்கு நேரம் பதிவு செய்யுங்கள், அதுவும் கூட்டமில்லாத வார நாள் பிற்பகலில்.